தமிழ்நாட்டுல நமக்கு எத்தனை கஸ்டமர்? சிஆர்எம்-ஐ மெட்டாடேட்டா கேட்டலாக்கோட இணைக்கும்போது

எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.

இன்னைக்கு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். ஓசூர் சிப்காட்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி இருக்குன்னு வெச்சுக்குங்க. கற்பனைக் கம்பெனிதான். ஆனா இந்தப் பக்கம் வேலை பார்க்கிற யாருக்கும் பழக்கப்பட்ட கம்பெனியா இருக்கும். மாதாந்திர மீட்டிங்ல எம்டி கேட்கிறார்: "தமிழ்நாட்டுல நமக்கு எத்தனை கஸ்டமர்?"

சேல்ஸ் டீம் 140-ன்னு சொல்றாங்க. ஃபைனான்ஸ் 95-ங்கிறாங்க. டேட்டா டீமோட டாஷ்போர்டு 118 காட்டுது. மூணு பேரும் ஒரே சிஆர்எம்-ல இருந்துதான் எண்ணியிருக்காங்க. யாரும் பொய் சொல்லலை. அப்புறம் எப்படி மூணு நம்பர்?

இதுக்குப் பதில் சொல்ல உதவுற ஒரு வேலையைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம். கஸ்டமர் விவரம் எல்லாம் இருக்கிற சிஆர்எம்-ஐ, ஒரு மெட்டாடேட்டா கேட்டலாக்கோட இணைக்கிறது. கேட்க ரொம்ப ட்ரையா இருக்கும். ஆனா இந்த பார்டர் ஏரியாவுல அது நேரா இன்சென்டிவ்லயும் ஜிஎஸ்டி-லயும் போய் முட்டும். அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

பார்டர் என்ன பண்ணுது?

முதல்ல அந்த மூணு நம்பரைப் பிரிச்சுப் பார்ப்போம்.

சேல்ஸ் டீமுக்கு "தமிழ்நாடு"ன்னா ஓசூர் டீம் போய்ப் பார்க்கிற கஸ்டமர் எல்லாரும். ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, அதுக்கு அடுத்து பொம்மசந்திரா, ஜிகணி. எல்லாம் கர்நாடகா. ஆனா ஓசூர்ல இருந்து ஒரு பைக்ல போய்ட்டு வர்ற தூரம். அதனால அந்தக் கஸ்டமரெல்லாம் ஓசூர் டெரிட்டரியிலதான் இருப்பாங்க.

ஃபைனான்ஸுக்கு "தமிழ்நாடு"ன்னா ஜிஎஸ்டி நம்பர் 33-ல ஆரம்பிக்கிறவங்க. 15 எழுத்து இருக்கிற அந்த நம்பர்ல முதல் ரெண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் நம்பர். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. கிருஷ்ணகிரி தாண்டி குப்பம் பக்கம் போனா ஆந்திரா, 37. ஒரே கம்பெனிக்கு பெங்களூர்ல ஹெட் ஆபீஸ், ஓசூர்ல பிளான்ட் இருந்தா, ஒரே பான் நம்பரை நடுவுல வெச்சுக்கிட்டு ரெண்டு ஜிஎஸ்டி நம்பர் இருக்கும். இது ஒரு கஸ்டமரா, ரெண்டு கஸ்டமரா?

டேட்டா டீம் என்ன பண்ணியிருக்காங்க? சரக்கு எங்க போகுதோ அந்த மாநிலத்தை வெச்சு எண்ணியிருக்காங்க. சேல்ஸ்ஃபோர்ஸ்ல ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் பில்லிங் ஸ்டேட், ஷிப்பிங் ஸ்டேட்னு ரெண்டு ஃபீல்டு ஸ்டாண்டர்டாவே வரும். இவங்க எடுத்தது ஷிப்பிங் ஸ்டேட்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கு. பெங்களூர்க் கம்பெனி ஒண்ணு உங்களுக்கு ஆர்டர் குடுக்குது. ஆனா, "சரக்கை எங்களுக்கு அனுப்பாதீங்க, ஓசூர்லயே ஒரு ஜாப் ஒர்க் யூனிட் இருக்கு, அங்க இறக்கிடுங்க"ன்னு சொல்றாங்க. டெம்போ சிப்காட் ஃபேஸ் ஒண்ணுல கிளம்பி ஃபேஸ் ரெண்டுல நிக்குது. அத்திப்பள்ளியையே பார்க்கலை. ஆனா பில்லுல ஐஜிஎஸ்டி, அதாவது வேற மாநிலத்துக்கு வித்த கணக்கு. ஐஜிஎஸ்டி சட்டத்தோட 10-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்லுது. இன்னொருத்தர் சொல்லி நாம வேற இடத்துல சரக்கை இறக்கினா, சொன்னவரோட முதன்மைத் தொழிலிடம்தான் சப்ளை நடந்த இடம்.

அப்ப இந்த ஒரு விற்பனை தமிழ்நாடா, கர்நாடகாவா? சேல்ஸ் கேட்டா ஓசூர். டெம்போ டிரைவரைக் கேட்டாலும் ஓசூர். வரி கேட்டா கர்நாடகா. மூணும் சரி. ஆனா ரிப்போர்ட்ல தலைப்பு மட்டும் எல்லா இடத்துலயும் "ரீஜன்"னுதான் இருக்கும்.

கேட்டலாக்னா என்ன?

மெட்டாடேட்டா கேட்டலாக்னா கஸ்டமரோட பேரையோ போன் நம்பரையோ சேர்த்து வைக்கிற இடம் இல்லை. எந்த சிஸ்டத்துல எந்த டேபிள் இருக்கு, அதுல என்னென்ன ஃபீல்டு, அதுக்கு என்ன அர்த்தம், யாரு பொறுப்பு, எங்க இருந்து வந்து எங்க போகுது, இந்த விவரத்தை மட்டும் வைக்கிற இடம்.

நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா, ஓசூர்ல ஒரு மனை வாங்கப் போறீங்க. முதல்ல என்ன கேட்பீங்க? பட்டா யாரு பேர்ல இருக்கு? வில்லங்கச் சான்றிதழ் எடுத்தாச்சா? கேட்டலாக்ல "ஓனர்"னு வர்றது பட்டா மாதிரி. "லினியேஜ்"னு ஒண்ணு வரும். இந்த நம்பர் எந்த டேபிள்ல பிறந்து, எந்த வழியா டாஷ்போர்டுக்கு வந்ததுன்னு காட்டுறது. அது வில்லங்கம் மாதிரி.

வில்லங்கத்துல பதிவு ஆன பரிவர்த்தனை மட்டும்தான் தெரியும். வாய்மொழியா குடுத்து வாங்கினது தெரியாது. லினியேஜும் அப்படித்தான். சேல்ஸ்ல ஒருத்தர் சிஆர்எம்-ல இருந்து எக்செல் டவுன்லோடு பண்ணி, ரெண்டு வரிசையைத் திருத்தி, வாட்ஸ்அப்ல மேனேஜருக்கு அனுப்பினா, அது எந்தக் கேட்டலாக்லயும் வராது. இதை முதல்லயே மனசுல வெச்சுக்குங்க.

இணைக்கிற வேலை

இன்னைக்கு உதாரணத்துக்கு ஓப்பன் மெட்டாடேட்டாவை எடுத்துக்கறேன். 2021-ல ஓப்பன் சோர்ஸா வெளிவந்த டூல். ஆரம்பிச்சவங்க சுரேஷ் ஸ்ரீனிவாஸ், ஸ்ரீஹர்ஷா சிந்தலபாணி. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி ஊபர்ல டேட்டா பக்கம் வேலை பார்த்தவங்க. லிங்க்டின்ல பிறந்த டேட்டாஹப்லயும் சேல்ஸ்ஃபோர்ஸ் கனெக்டர் இருக்கு. டூல் எதுவா இருந்தாலும் நான் சொல்ற விஷயம் பெரும்பாலும் பொருந்தும்.

ஓப்பன் மெட்டாடேட்டா சேல்ஸ்ஃபோர்ஸை ஒரு டேட்டாபேஸ் மாதிரி பார்க்குது. அக்கவுண்ட், கான்டாக்ட், ஆப்பர்சூனிட்டின்னு இருக்கிற ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் ஒரு டேபிளா வரும். கனெக்ஷனுக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு, செக்யூரிட்டி டோக்கன், டொமைன் குடுக்கணும். டொமைன்ல நிஜ சிஸ்டத்துக்கு "லாகின்", சாண்ட்பாக்ஸுக்கு "டெஸ்ட்". டெஸ்ட் கனெக்ஷன் பச்சை காட்டினா, ஒரு ஷெட்யூல் போட்டுட்டா முடிஞ்சது. ஒரு மதியத்துல முடியுற வேலை.

ஆனா வழுக்குற இடம் நாலு இருக்கு.

ஒண்ணு, யாரோட லாகின்? ஒரு ஊழியரோட லாகினைக் குடுக்காதீங்க. அவர் வேலையை விட்டா கனெக்ஷனும் போயிடும். இதுக்குன்னு தனி இன்டக்ரேஷன் யூசர் போடுங்க. சேல்ஸ்ஃபோர்ஸ் எண்டர்பிரைஸ் எடிஷன்ல ஏபிஐ-க்கு மட்டும் பயன்படுற இன்டக்ரேஷன் லைசென்ஸ் 5 சேர்ந்தே வருது. அந்த யூசரோட மெயில் ஐடி டீமுக்குப் பொதுவான மெயில்பாக்ஸா இருக்கட்டும். ஏன்னா பாஸ்வேர்டு மாறினா பழைய செக்யூரிட்டி டோக்கன் செல்லாது, புது டோக்கன் அந்த மெயிலுக்குத்தான் வரும். சேல்ஸ்ஃபோர்ஸ்ல பாஸ்வேர்டு காலாவதி டீஃபால்ட்டா 90 நாள். மாத்தி வைக்கலைன்னா, மூணு மாசம் ஓடிட்டு ஒரு நாள் சத்தம் இல்லாம நின்னுடும்.

ரெண்டு, அனுமதி. சேல்ஸ்ஃபோர்ஸ்ல ஃபீல்டு அளவுல செக்யூரிட்டி உண்டு. அந்த இன்டக்ரேஷன் யூசருக்கு ஒரு ஃபீல்டைப் பார்க்க அனுமதி இல்லைன்னா, எரர் எல்லாம் வராது. அந்த ஃபீல்டு கேட்டலாக்ல இருக்கவே இருக்காது. 80 ஃபீல்டு இருக்கிற அக்கவுண்ட்ல 52 மட்டும் வந்திருக்கும், பார்க்கிறவங்க அவ்வளவுதான்னு நினைச்சுக்குவாங்க. அதனால முதல் ரன் முடிஞ்சதும் சிஆர்எம் அட்மினைப் பக்கத்துல உட்கார வெச்சு, ஆப்ஜெக்ட் ஒவ்வொண்ணுக்கும் ஃபீல்டு எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்க.

மூணு, குப்பை. வடிகட்டாம இழுத்தா நூத்துக்கணக்குல டேபிள் வரும். ஒரு ஆப்ஜெக்ட் நீங்க உருவாக்கினா, அதுக்குத் துணையா ஹிஸ்டரி, ஷேர், ஃபீடுன்னு முடியுற ஆப்ஜெக்ட்டுகளும் சிஸ்டத்துல முளைக்கும். சேல்ஸ் மேனேஜர் கேட்டலாக்ல "அக்கவுண்ட்"னு தேடினா பத்து டேபிள் வந்து நிக்கும். எது உண்மையானதுன்னு தெரியாம மூடிட்டுப் போயிடுவார், திரும்ப வரமாட்டார். முதல்ல எட்டோ பத்தோ ஆப்ஜெக்ட் மட்டும் எடுங்க. தேவைப்பட்டா அப்புறம் சேர்த்துக்கலாம்.

நாலு, காணாமப் போற டேபிள். சிஸ்டத்துல இல்லாத டேபிளை "டெலிட் ஆயிடுச்சு"ன்னு குறிக்கிற செட்டிங் கேட்டலாக்ல இருக்கும். நல்ல வசதிதான். ஆனா யாராவது அந்த இன்டக்ரேஷன் யூசரோட அனுமதியைக் குறைச்சுட்டா, அடுத்த ரன்ல நல்லா இருக்கிற டேபிளும் டெலிட் ஆன மாதிரி தெரியும். பதறாதீங்க. முதல்ல அனுமதியைப் பாருங்க.

லேபிள் ஒண்ணு, பேரு ஒண்ணு

இப்ப ஃபீல்டெல்லாம் வந்தாச்சு. இங்கதான் வேலையே ஆரம்பிக்குது.

சேல்ஸ்ஃபோர்ஸ்ல ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ரெண்டு பேரு. ஸ்கிரீன்ல தெரியுறது லேபிள். உள்ள இருக்கிறது ஏபிஐ நேம். நாம உருவாக்குற ஃபீல்டா இருந்தா ஏபிஐ நேம் கடைசியில ரெண்டு அண்டர்ஸ்கோரும் ஒரு "சி"யும் வரும். லேபிளை எப்ப வேணும்னாலும் மாத்தலாம். ஏபிஐ நேம் அதுகூடச் சேர்ந்து மாறாது.

நம்ம கற்பனைக் கம்பெனியில என்ன நடந்திருக்கும்? பல வருஷம் முன்னாடி ஒரு அட்மின் "ரீஜன்"னு ஒரு ஃபீல்டு போட்டார். அப்புறம் வந்த சேல்ஸ் ஹெட், "எனக்கு டெரிட்டரி வேணும்"னார். புது ஃபீல்டு போடச் சோம்பல், பழைய ஃபீல்டோட லேபிளை மட்டும் "டெரிட்டரி"ன்னு மாத்திட்டாங்க. ஸ்கிரீனைப் பார்க்கிற சேல்ஸ்காரருக்கு அது டெரிட்டரி. டேட்டா வேர்ஹவுஸ்ல குவெரி எழுதுற இன்ஜினியருக்கு அது இன்னும் ரீஜன். ரெண்டு பேரும் ஒரே ஃபீல்டைப் பத்திப் பேசுறாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. கேட்டலாக்ல பேரும் லேபிளும் பக்கத்துல பக்கத்துல நின்னாத்தான் இது வெளியில வரும்.

அதே ஃபீல்டுக்குள்ள மதிப்பு வேற எப்படி இருக்கும்? ட்ராப்டவுன் இல்லாம கையால டைப் பண்ண விட்டிருந்தா, "டிஎன்", "தமிழ்நாடு", "தமிழ் நாடு", சில இடத்துல வெறும் "ஓசூர்", பல இடத்துல காலி. கேட்டலாக் இதைச் சரி பண்ணாது. இது டெக்ஸ்ட் ஃபீல்டா, ட்ராப்டவுனான்னு மட்டும் சொல்லும். டெக்ஸ்ட்னு தெரிஞ்சாலே, இதை நம்பி எண்ணக்கூடாதுன்னு பாதி புரிஞ்சுடும்.

யாரு முடிவு பண்றது?

கேட்டலாக்ல "குளாசரி"ன்னு ஒரு பகுதி இருக்கும். கம்பெனி பயன்படுத்துற சொற்களுக்கு அர்த்தம் எழுதி, அந்த அர்த்தத்தை ஃபீல்டோட இணைச்சு வைக்கிற இடம். நம்ம கதைக்கு அங்க மூணு சொல் வேணும்: வரி மாநிலம், டெலிவரி மாநிலம், சேல்ஸ் டெரிட்டரி. முதலாவது ஜிஎஸ்டி நம்பரோட முதல் ரெண்டு இலக்கத்துல இருந்து வரும். ரெண்டாவது ஷிப்பிங் ஸ்டேட். மூணாவது அந்தப் பழைய "ரீஜன்" ஃபீல்டு. "ரீஜன்"ங்கிற வார்த்தையை ரிப்போர்ட்ல இனிமே தனியா பயன்படுத்தக்கூடாது.

இதை எழுத ஒரு இன்ஜினியருக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனா அவர் மட்டும் உட்கார்ந்து எழுதக்கூடாதுங்கிறதுதான் இன்னைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

ஏன்னு பாருங்க. கிருஷ்ணகிரி பக்கம் சுத்துற ஒரு சேல்ஸ்காரருக்கு இன்சென்டிவ் டெரிட்டரி கணக்குல வருது. அந்த பெங்களூர் ஆர்டர், ஓசூர் ஜாப் ஒர்க் யூனிட்ல இறங்கின சரக்கு, அதுக்கு அலைஞ்சது அவர். "ரீஜன்னா வரி மாநிலம்"னு டேட்டா டீம் ஒரு வரி எழுதினா, அந்த விற்பனை பெங்களூர் டீம் கணக்குக்குப் போயிடும். அவர் வந்து, "அண்ணா, நான்தானே போய் ஆர்டர் வாங்கினேன்? எப்படி அவங்க பேர்ல வந்துச்சு?"ன்னு கேட்பார். "சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு"ங்கிறது அவருக்குப் பதிலே இல்லை. ஒரு டெஃபனிஷன் அவரோட மாசச் சம்பளத்துல கை வைக்குது.

அதனால அர்த்தத்தை முடிவு பண்ற மீட்டிங்ல மூணு பேர் கட்டாயம் இருக்கணும். சேல்ஸ்ல ஃபீல்டுக்குப் போற ஒருத்தர், ஃபைனான்ஸ்ல பில் போடுற ஒருத்தர், சிஆர்எம் அட்மின். மேனேஜர் மட்டும் வந்தா பத்தாது. ஃபீல்டை நிரப்புறவங்க வரணும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் நாலே கேள்வி கேளுங்க. இதை யாரு நிரப்புறாங்க? எப்ப நிரப்புறாங்க? காலியா விட்டா என்ன அர்த்தம்? இதை நம்பி யாருக்குப் பணம் போகுது?

அந்த நாலாவது கேள்விக்குப் பதில் இருந்தா, அந்த ஃபீல்டுக்கு ஒரு ஓனர் பேர் கட்டாயம் போடணும். அந்த ஓனர் டேட்டா டீம்ல இருக்கக்கூடாது. பிசினஸ் பக்கம் இருக்கணும். அர்த்தம் மாறினா அவங்க சம்மதத்தோடதான் மாறணும். இன்ஜினியர் வேலை, எடுத்த முடிவைச் சரியான ஃபீல்டோட கோர்த்து வைக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. மீட்டிங் போட்டு, சண்டை போட்டு எழுதின விளக்கத்தை அடுத்த ரன் அழிச்சுடக்கூடாது. ஓப்பன் மெட்டாடேட்டாவுல, சிஸ்டத்துல இருந்து வர்ற விவரம் மனுஷன் எழுதினதை மாத்தி எழுதலாமான்னு கேட்கிற ஒரு செட்டிங் இருக்கு. அதை ஆன் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க.

போன் நம்பர் விஷயம்

இன்னொரு காரணத்துக்காகவும் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்ல வந்தது. அதோட விதிகள் 2025 நவம்பர்ல அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு அதுல இருந்து 18 மாசம் அவகாசம். பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்.

"நாங்க கம்பெனிக்குத்தானே விக்கிறோம், எங்ககிட்ட தனிநபர் தரவு ஏது?"ன்னு இந்தப் பக்கம் நிறையப் பேர் நினைப்பாங்க. பர்ச்சேஸ் மேனேஜரோட மொபைல் நம்பர் இருக்கே! அவர் ஒரு மனுஷன்தானே. "என் நம்பரை எடுத்துடுங்க"ன்னு அவர் கேட்டா, அது எந்தெந்த டேபிள்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும். கான்டாக்ட்ல இருக்கு, லீட்ல இருக்கு, வேர்ஹவுஸுக்குக் காப்பி ஆன டேபிள்ல இருக்கு. கேட்டலாக்ல அந்த ஃபீல்டுகளுக்கு "தனிநபர் விவரம்"னு ஒரு டேக் போட்டு வெச்சா, தேடுற வேலை நாள்கணக்குல இருந்து நிமிஷக்கணக்குக்கு வரும்.

ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. வேர்ஹவுஸ் பக்கம் கேட்டலாக்கை இணைக்கும்போது சாம்பிள் டேட்டா எடுக்கிற வசதி இருக்கும். அதை ஆன் பண்ணினா நிஜ போன் நம்பர் கேட்டலாக் ஸ்கிரீன்லயே தெரியும். டேக் போட்ட டேபிளுக்கு அதை ஆஃப் பண்ணிடுங்க. இன்னொண்ணு, "ரிமார்க்ஸ்" ஃபீல்டு. "சார் லஞ்ச்ல இருப்பார், இந்த நம்பருக்குக் கூப்பிடவும்"னு அதுல யாராவது எழுதியிருப்பாங்க. ஃபீல்டு பேரை மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது. அதை ஆள் உட்கார்ந்துதான் பார்க்கணும்.

சோஹோ வெச்சிருக்கவங்க

"எங்ககிட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் இல்லை, சோஹோ சிஆர்எம்தான்"னு சொல்றவங்களுக்கு: அங்கயும் இதே கதைதான். லீட்ஸ், கான்டாக்ட்ஸ், அக்கவுண்ட்ஸ், டீல்ஸ்னு மாட்யூல் இருக்கும். மாட்யூல் என்னென்ன, ஒவ்வொண்ணுலயும் ஃபீல்டு என்னென்னன்னு கேட்டா சொல்ற மெட்டாடேட்டா ஏபிஐ இருக்கு. ஃபீல்டோட லேபிள், ஏபிஐ நேம், டேட்டா டைப் மூணும் அதுல வரும். பைத்தான் தெரிஞ்சா ஓப்பன் மெட்டாடேட்டாவுல கஸ்டம் கனெக்டரா எழுதிக்கலாம். உங்க அக்கவுண்ட் இந்தியா டேட்டா சென்டர்ல இருந்தா, ஏபிஐ முகவரி "டாட் காம்"ல முடியாது, "டாட் இன்"ல முடியும். நிறையப் பேர் முதல் நாள் இதுலதான் தலையைப் பிச்சுக்குவாங்க.

இருபது பேர் இருக்கிற சின்ன யூனிட்டா? கேட்டலாக் சர்வரே வேண்டாம். ஒரு ஷீட் போதும். ஃபீல்டு பேரு, லேபிள், அர்த்தம், நிரப்புறவர், ஓனர். அஞ்சு தலைப்பு.

முடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை. நாளைக்கு ஆபீஸ் போனதும், மீட்டிங்ல அடிக்கடி சண்டை வர்ற ஒரு ரிப்போர்ட்டை எடுங்க. அதுல இருக்கிற பத்து ஃபீல்டுக்கு அந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. எத்தனை ஃபீல்டுக்கு ஓனர் பேர் கிடைச்சதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல டூப்ளிகேட் கஸ்டமரை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்க்கலாம். ஒரே பான், ரெண்டு ஜிஎஸ்டி விஷயத்தை அங்க விரிவா பேசுவோம்.